ஐட்டத்தோடு என் பாட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்: என்ன செய்யலாம்?

வேன்_மேஜிக், சுங்கை சிப்புட்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறு மேஜிக். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். பிறந்தநாள், தமிழ்ப்பள்ளிப் பொங்கல் விழா, தீபாவளி விருந்து, கோயில் திருவிழாவில் கலை இரவு, இவ்வளவுதான் என் உலகம். நாற்பது நிமிடத்துக்கு 350 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போ வரை வரச் சொன்னால் பெட்ரோலுக்கு 30 கூடக் கேட்பேன். பாதிப் பேர் தரமாட்டார்கள்.

வளையம், கயிறு, சில்க், சீட்டுக்கட்டு எல்லாம் எல்லாரும் செய்வதுதான். அதை யார் செய்தாலும் எனக்குக் கோபம் வராது. நானும் கடையில் வாங்கியதுதான். ஆனால் என்னிடம் ஒரு ஐட்டம் இருக்கிறது, அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள். பெயர் 'பால் மங்கு'.

ரப்பர் மரத்தில் பால் வடிவதற்காகக் கம்பியில் ஒரு கிண்ணம் தொங்குமே, அந்த மங்குதான். கூட்டத்திலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக் காதில் பென்சில் செருகி, நோட்டுப் புத்தகம் கொடுத்து, கிராணி (தோட்டக் கணக்கர்) ஆக்கிவிடுவேன். நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பால்வெட்டுப் பாட்டி. மங்கைக் கவிழ்த்து வாளியில் பால் ஊற்றுவேன். காலி மங்கைக் காட்டி, "எழுதிக்கோங்க ஐயா" என்பேன். பையன் எழுதுவான். திரும்பிப் போகிற மாதிரி போய், "ஐயா, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மறுபடி கவிழ்ப்பேன். பால் வரும். எழுதுவான். ஏழு தடவை. ஐந்தாவதிலேயே பையன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "போதும் பாட்டி!" என்று கத்துவான். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாகவே வந்துவிடும். ஏழும் முடிந்ததும் நான் சொல்வேன்: "உங்களுக்குப் போதும் ஐயா, எனக்குப் போதாதே."

இந்தக் கடைசி வரி நான் எழுதியதில்லை. லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டிய என் பாட்டி, பால் நிறுக்கும் இடத்தில் ஒரு கிராணியிடம் நிஜமாகவே சொன்னது. ஒரு மாதம் லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அந்தத் தோட்டம் செம்பனையாகி, இப்போது அதிலும் பாதி வீடுகளாகிவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு வரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் கோலகங்சாரில் ஒரு பிறந்தநாள். ஆறாவது தடவை கவிழ்க்கும்போது முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், ஒன்பது வயதிருக்கும், எனக்கு முன்னாடியே, "உங்களுக்குப் போதும் ஐயா!" என்று கத்திவிட்டாள். எனக்குச் சந்தோஷம். எங்கேயோ என்னைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா போனை நீட்டினார்: "இந்த அண்ணனும் இதேதான் செய்றாரு, உங்க ஆளா?"

என் ஆள்தான். இரண்டரை வருடம் என் பையைத் தூக்கியவன். இப்போது 24 வயது. ஈப்போவில் ஃபேக்டரி வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான், நானும் செலவுக்கு நூறு வெள்ளி கொடுத்து அனுப்பினேன். காணொலியில் துண்டு இருக்கிறது, பென்சில் இருக்கிறது, ஏழு தடவையும் இருக்கிறது. "இது எங்க பாட்டி சொன்னது" என்று ஆரம்பிக்கிறான். வேன் கதவில் நசுங்கியதிலிருந்து என் இடது மோதிர விரல் மடங்காது. மங்கைப் பிடிக்கும்போது அது மட்டும் ஆணி மாதிரி வெளியே நிற்கும். அவனும் அந்த விரலை நீட்டிக்கொண்டு பிடிக்கிறான். அவனுக்குப் பத்து விரலும் நன்றாக மடங்கும்.

180 வெள்ளிக்குப் போகிறானாம். அது கூடப் பரவாயில்லை. காணொலிக்குக் கீழே, 'எப்படின்னு தெரிஞ்சிக்கணுமா, 25 வெள்ளி, புலனத்தில் (வாட்ஸ்அப்) வாங்க' என்று போட்டிருக்கிறான்.

முகநூலில் எழுதலாமா? வீட்டுக்குப் போய்ப் பேசலாமா? அல்லது அந்த ஐட்டத்தையே விட்டுவிடலாமா? வக்கீல் வைக்கிற வசதி எனக்கு இல்லை. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். மங்கு எப்படி என்று மட்டும் தயவுசெய்து யாரும் இங்கே எழுதாதீர்கள்.

சீட்டு_ராஜா, சிரம்பான்:

பெயர், படம், காணொலி எல்லாவற்றையும் முகநூலில் போட்டு நாறடிங்க அண்ணே. இவனுக்கெல்லாம் அதுதான் மருந்து. எனக்கும் ஒருத்தன் இப்படிச் செய்தான், போட்டேன், அடங்கிட்டான்.

முண்டாசு, தெலுக் இந்தான்:

தம்பி, எனக்கு 71. மேடையை விட்டு ஒன்பது வருடமாகிறது. லோரி ஓட்டிக்கொண்டே இந்தத் தொழிலையும் பார்த்தவன், அதனால் உன் வேன் கதை எனக்குப் புரிகிறது.

முதலில் என் பங்குக்கு ஒரு பாவமன்னிப்பு. 1979-இல் நான் முதல்முதலில் மேடை ஏறியபோது முத்து வைத்த தலைப்பாகை, ஜரிகை கோட்டு, மகாராஜா வேஷம். யாருடைய வேஷம் என்று கேட்காதே. இந்தியாவின் பெரிய மேஜிக்காரர் பி.சி.சொர்க்கார் போட்டது. அவர் 1971-இல் ஜப்பானில் நிகழ்ச்சி முடித்த கையோடு இறந்துபோனார், உனக்குத் தெரிந்திருக்கும். அவரை நான் பார்த்ததே இல்லை, ஒரு பத்திரிகைப் படத்தைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தேன். அன்றைக்கு மலாயா, சிங்கப்பூர் முழுக்க எத்தனை மகாராஜாக்கள்! அந்தச் சொர்க்காரையே, "என் நிகழ்ச்சியைப் பார்த்து எடுத்துக்கொண்டார்" என்று ஜெர்மனிக்காரர் கலனாக் 1950-களில் குற்றம் சாட்டினார். சொர்க்கார் பக்கத்து ஆட்கள், "நீ மட்டும் யாரிடமிருந்து எடுத்தாய்?" என்று திருப்பிக் கேட்டார்கள். இந்தத் தொழிலில் கையைக் கழுவிக்கொண்டு உட்காருகிறவன் எவனும் இல்லை.

அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வற்றாத செம்பு உன்னுடையதா? சொர்க்கார் தன் நிகழ்ச்சி நெடுகச் செம்பைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பார், 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று பெயர். அவருக்கு முன்பும் அது தெருவில் இருந்தது. நீ செம்பை மங்கு ஆக்கினாய், அது உன் மூளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மங்கு ஓடுகிற விதம் ஊர்ச் சொத்து. அவன் நாளைக்கு மங்குக்குப் பதில் தேத்தண்ணிக் குவளையில் செய்தால் நீ வாய் திறக்க முடியாது.

ரகசியத்துக்கு வேலி போடப் போனவர்கள் கதையும் தெரிந்துகொள். 1921 ஜனவரியில் லண்டனில் செல்பிட் என்பவர் பெட்டிக்குள் ஒரு பெண்ணை வைத்து ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அதே வருடம் அமெரிக்காவில் கோல்டின் தன் பாணியில் அதைச் செய்தார், 1923-இல் அதற்குக் காப்புரிமைப் பட்டயமும் வாங்கிவிட்டார். பட்டயம் வாங்க வேண்டுமென்றால் வேலை செய்யும் விதத்தைப் படம் போட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். பத்து வருடம் கழித்து ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த ரகசியத்தைப் படமாகவே போட்டது. கோல்டின் வழக்குப் போட்டு 1938-இல் தோற்றார். பூட்டு வாங்கிச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்ட கதை.

எங்கள் காலத்தில் இந்தத் தலைவலி குறைவு. ஒரு தோட்டத்தில் செய்ததை இன்னொரு தோட்டத்தில் ஒருத்தன் செய்தால், நடுவில் இருபது மைல் செம்மண் ரோடு. இரண்டையும் பார்க்கிறவன் லோரிக்காரன் மட்டும்தான், அதுவும் நானாகத்தான் இருப்பேன்.

நான் சொல்வது: மங்கை விட்டுவிடு, பாட்டியைக் கேள். அவன் வீட்டுக்குப் போ. முகநூலுக்குப் போகாதே. அந்த 25 வெள்ளி வியாபாரத்தை மட்டும் சும்மா விடாதே, அது உன்னை மட்டும் கெடுப்பதில்லை.

ஈப்போ_தட்டச்சு, ஈப்போ:

நான் மேஜிக் தெரிந்தவள் இல்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். என் மகன் உங்கள் வேனில் போனவன், அதனால் எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னது சட்டப்படியும் சரி. நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் யோசனையையும் செய்முறையையும் காப்பதில்லை. மங்கிலிருந்து பால் எப்படி வருகிறது என்பது செய்முறை. ஆனால் அதே சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' என்றால் கதை, கவிதை மட்டும் இல்லை. நாடகம், மேடைக் குறிப்பு, ஊமைக்கூத்து எல்லாம் அதற்குள் வருகிறது. உங்கள் கிராணி, பென்சில், ஏழு தடவை, "இன்னும் கொஞ்சம் இருக்கு", எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும், இவையெல்லாம் சேர்ந்தால் அது ஒரு குட்டி நாடகம்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. டெல்லர் என்ற மேஜிக்காரர் ஒரு ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்டுவார், திரையில் நிழல் இதழ் விழ விழ, பூச்சாடியில் உள்ள நிஜ ரோஜாவின் இதழும் விழும். 1983-இலேயே அதை நாடகப் படைப்பாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். 2012-இல் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் அதே மாதிரி செய்து வலையொளியில் (யூடியூப்) போட்டு, ரகசியத்தையும் சாமானையும் விலைக்குத் தருகிறேன் என்றார். உங்கள் பையன் மாதிரியேதான். 2014-இல் நெவாடா நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தந்திரத்துக்கு உரிமை கிடையாது, ஆனால் தந்திரம் உள்ளே இருக்கிறது என்பதற்காக நாடகத்தின் உரிமை போய்விடாது என்பதுதான் சாரம்.

இப்போது செய்ய வேண்டியது. ஐட்டத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எழுதிவையுங்கள், கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்பது உட்பட. மங்குக்குள் என்ன நடக்கிறது என்பதை எழுத வேண்டாம், அது தேவையே இல்லை. பழைய நிகழ்ச்சிகளின் காணொலி யாரிடமாவது இருக்கும். அதைத் தேதியோடு வாங்கிவையுங்கள். பிறகு சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய் ஒரு 'அகுவான் பெர்கானுன்', அதாவது சத்தியப்பிரமாணப் பத்திரம், செய்துகொள்ளலாம். அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில், அதாவது மைப்போவில், பதிப்புரிமை அறிவிப்பும் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை, ஆனால் நாளைக்கு "யார் முதலில்?" என்ற கேள்வி வந்தால் கையில் காகிதம் இருக்கும்.

சிரம்பான் தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். பெயரும் படமும் போட்டு, திருடன் என்று எழுதினால், அவதூறு என்று அவன் உங்கள் மேல் திரும்பலாம். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், நியாயம் தன் பக்கம் இருந்தும் முகநூலில் எழுதிக் கெடுத்துக்கொண்டவர்கள்.

முண்டாசு, தெலுக் இந்தான்:

அம்மா சொன்னதைத்தான் ஹூடினியும் செய்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கும் ஐட்டத்தை ஊருக்குக் காட்டும் முன்பே, 1911-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் அதை நாடகம் என்று பேர் வைத்து நடத்தினார். பார்வையாளர் ஒரே ஒருத்தர், டிக்கெட் ஒரு கினி. நாடகமாகப் பதிவானால் பின்னால் காப்பி அடிப்பவனைப் பிடிக்கலாம் என்ற கணக்கு. ஒருத்தருக்காக ஒரு தொட்டித் தண்ணீரில் தொங்கியிருக்கிறார் பார்.

டீச்சர்_மாலதி, கோலகங்சார்:

படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. போன பொங்கலுக்கு எங்கள் பள்ளியில் அந்த 180 வெள்ளிக்காரரைக் கூப்பிட்டது நான்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கலை நிகழ்ச்சிக்கு 200 வெள்ளிதான் ஒதுக்கினார்கள். உங்களிடம் கேட்டிருந்தால் 350 சொல்லியிருப்பீர்கள், நான் கேட்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் நன்றாகச் செய்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். முடிந்ததும் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் அவரிடம் போய், "உங்க பாட்டி எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். அவன் பாட்டியும் பால்வெட்டு. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அதெல்லாம் ரொம்ப தூரம்" என்றார். அப்போது ஏனென்று எனக்குப் புரியவில்லை.

வேன்_மேஜிக், சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போ அக்கா சொன்னபடி முழுவதையும் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. பதினெட்டு வருடமாகச் செய்வதைக் காகிதத்தில் பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது. மைத்துனர் கல்யாணத்தில் எடுத்த 2013 காணொலி கிடைத்தது, மங்கு முழுசாக இருக்கிறது. பிரமாணமும் செய்துவிட்டேன். முண்டாசு ஐயா, செம்பு என்னுடையதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். டவுனுக்குப் பின்னால் உள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி). அவன் இல்லை. வாசலில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டரை வருடத்தில் ஒருநாள் கூட நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை, ரோட்டில் ஹார்ன் அடிப்பேன், அவன் ஓடிவருவான். அவனுக்கு ஒரு பாட்டி இருப்பதே எனக்குத் தெரியாது.

"நீதானே அந்த வேன்காரத் தம்பி? உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்னு சொல்வான். என்னமோ மங்கு வச்சிச் செய்வியாமே, செய் பார்ப்போம்" என்றார்.

வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறான். அது எனக்கு இறங்கவே கொஞ்ச நேரம் ஆனது. சாமான் வேனிலேயே இருந்தது. சரி என்று எடுத்துவந்து, கிராணி இல்லாமல், வாசல் சிமெண்டுத் தரையில் நின்று செய்தேன். முதல் தடவை கவிழ்த்தேன். சிரித்தார். இரண்டாவது தடவையும் சிரித்தார். மூன்றாவதில்தான் தெரிந்தது, மேஜிக்குக்குச் சிரிக்கவில்லை.

"மங்கை இப்படியா கவிழ்ப்பாங்க? நாலு சொட்டு உள்ளேயே ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதுவும் காசுதானே?"

கையிலிருந்து மங்கை வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்தது, தொழிலில் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியும். நல்ல வேளை, சரியான மங்கைத்தான் கொடுத்திருந்தேன். இடது கையில் மங்கைச் சாய்த்தார். வலது ஆள்காட்டி விரல் உள்ளே போய் ஒரே சுற்று சுற்றி, வழித்ததை வாளி விளிம்பில் தேய்த்துவிட்டு வந்தது. சுற்றின கையோடு மங்கு கவிழ்ந்து கம்பியில் உட்கார்ந்துவிட்டது. கம்பி அங்கே இல்லை, காற்றில்தான் உட்கார்ந்தது. இதெல்லாம் ஒரு மூச்சுக்குள். சாலாக் பக்கம் 28 வருடம் வெட்டியவராம். விடியக்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வெட்டி, காத்திருந்து, திரும்ப அதே மரங்களைச் சுற்றிவந்து பால் எடுக்கும்போது ஒவ்வொரு மங்கையும் அப்படித்தான் வழிப்பார்களாம். பதினெட்டு வருடமாக நான் பாட்டி வேஷம் போட்டு, பால் எடுக்கத் தெரியாத பாட்டியாகவே இருந்திருக்கிறேன். என் பாட்டி இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

தவிர, அந்த விரல் சுற்று. உள்ளே ஒன்றுமில்லை என்று வாயால் சொல்லாமலே காட்டிவிடுகிறது. எங்கள் வேலைக்கு அது எவ்வளவு உதவும் என்று முண்டாசு ஐயாவுக்குப் புரியும். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் அவன் மோட்டாரில் வந்தான். கேட்டருகே நின்றவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நான் கோபமாகப் பேசத்தான் போனேன், பாட்டி முன்னாடி அவ்வளவு வரவில்லை. நாலு பக்கத்தைக் கொடுத்தேன், படித்தான். 25 வெள்ளிக்குப் பதினொரு பேருக்கு விற்றிருக்கிறானாம். இனி விற்கமாட்டேன் என்றான். கிராணியும் என் பாட்டி வரியும் வேண்டாம் என்று சொன்னேன், தலையாட்டினான். "மங்கு?" என்று கேட்டான். "மங்கு என்னுது இல்லை, விரலை மட்டும் ஒழுங்கா மடக்கு" என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, கண்ணாடிக்குள் சரியாகத் தெரியவில்லை. முதல் காணொலியை எடுத்துவிட்டான். இரண்டாவது இதை எழுதும் வரை அங்கேயேதான் இருக்கிறது. பார்க்கலாம்.

டீச்சர், அடுத்த பொங்கலுக்கு 200-க்கே வருகிறேன், அந்த மூன்றாம் ஆண்டுப் பையனைக் கிராணியாக விடுவதாக இருந்தால்.

கிளம்பும்போது பாட்டியிடம் கேட்டேன், அந்த வழிக்கிற விதத்தை நான் மேடையில் செய்யலாமா என்று.

"எவ்வளவு வாங்குறே?" என்றார்.

350 என்றேன்.

"எனக்கு?"

ஒரு நிகழ்ச்சிக்கு 20 என்றேன். பாட்டி கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் பேரனிடம் சொன்னார்: "டேய், எழுதிக்கோ."